பழைய கொல்லுக் கருவிகளும் புதிய கைகளும்

கருவியொன்றின் வாழ்வு அதனைச் செய்தவன் கையிலே தொடங்கி, அதனை எடுத்தாள்பவன் கையிலே தொடர்கின்றது. எடுத்தாள்வார் இல்லாதொழிந்தவிடத்து எத்துணைச் சிறந்த கருவியும் துருவேறிய இரும்புத் துண்டாகிவிடும். அவ்வாறு கைவிடப்பட்ட கொல்லுக் கருவிகளைத் தேடியெடுத்து, துருநீக்கி, பழுது திருத்தி, அவற்றைக் கொண்டு தாமே இரும்பு வேலை பயிலும் வழக்கமொன்று அரை நூற்றாண்டுக்கு மேலாக மேனாடுகளிலே பரவிவருகின்றது. ஆசிரியர், பொறியியலாளர், எழுதுவினைஞர் எனப் பல துறையினரும் தம் ஓய்வு நேரத்திலே உலைமுன் நிற்கின்றனர். இதனை வெறும் பொழுதுபோக்கெனத் தள்ளிவிடுதல் எளிது. ஆயினும், உற்று நோக்குவார்க்கு இம்முயற்சியினுள்ளே ஒரு வினா மறைந்து கிடத்தல் புலனாகும். பழைய பொருளொன்றைப் புதுக்குதல் என்பது யாது? அதன் தோற்றத்தைப் புதிதாக்குதலா, அன்றி அதன் தொழிலை மீட்டுக் கொடுத்தலா? இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறியாமையால், காலம் அழிக்காது விட்ட கருவிகளை அவற்றின்மீது அன்புடையார் கைகளே அழித்துவிடுவதும் உண்டு.

கொல்லுத் தொழில் மேனாடுகளிலே நலிவுற்ற வரலாறு முதற்கண் அறியற்பாலது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரை இங்கிலாந்திலும் அமெரிக்க ஐக்கிய நாடுகளிலும் கிராம வாழ்வு கொல்லனைப் பெரிதும் சார்ந்திருந்தது. ஏரும் வண்டியும், குதிரையின் இலாடமும், கதவின் பிணைச்சலும் அவன் கையையே நோக்கியிருந்தன. தொழிற்சாலைகள் ஆணியையும் பிணைச்சலையும் மலிவாகச் செய்து குவித்தபோது அவன் தொழிலின் ஒரு பகுதி கழன்றது. 1917 ஆம் ஆண்டு தொடக்கம் போட்சன் உழவியந்திரம் பெருந்தொகையாக ஆக்கப்படலாயிற்று. அதன்பின் குதிரை படிப்படியாக வயலைவிட்டு நீங்கியது. குதிரையோடு கொல்லனின் பிழைப்பும் தேய்ந்தது. இரண்டாம் உலகப் போரின்போது, சிறப்பாக 1942 இல், அமெரிக்காவிலே போர்த் தளவாடங்களுக்கென நாடெங்கும் பழைய இரும்பு திரட்டப்பட்டது. கவனிப்பாரற்றுக் கிடந்த கொல்லுக் கருவிகள் பலவும் அக்குவியலோடு சென்று உருகின. எஞ்சியவை களஞ்சியங்களின் மூலைகளிலே கிடந்தன.

இந்நிலையிலேதான் மறுமலர்ச்சியொன்று தோன்றியது. இங்கிலாந்திலே கிராமியக் கைத்தொழிற் பணியகம் 1952 இல் கொல்லுத் தொழில் பயில்வோருக்கென ஒரு பயிற்சி நூலை வெளியிட்டது. அமெரிக்காவிலே அலெக்ஸ் பீலர் என்பார் 1969 இல் கொல்லுக் கலை பற்றி எழுதிய நூல், தொழிற் பரம்பரையிலே பிறவாத பலரையும் உலைக்களத்துக்கு அழைத்தது. 1973 இல் யோர்ஜியா மாநிலத்திலே வட அமெரிக்கக் கலைக்கொல்லர் சங்கமும், 1978 இல் பிரித்தானியக் கலைக்கொல்லர் சங்கமும் உருவாயின. தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்ற அறிவு, இச்சங்கங்களின் வாயிலாக அயலார்க்கும் கிடைக்கலாயிற்று.

இத்தொழிலைப் பயிலப் புகும் புதியவனுக்கு முதலில் வேண்டப்படுவன கருவிகளாம். பட்டடை எனப்படும் அடைகல், சம்மட்டி, சுத்தியல், குறடு, உளி, அரம், வைஸ் என வழங்கும் பிடிகருவி, உலை, காற்றூட்டும் துருத்தி ஆகியவை அவற்றுட் சில. நல்ல பட்டடையொன்றைப் புதிதாக வாங்குதல் பெருஞ்செலவுடையது. ஆகவே அவன் பழையதை நாடுகின்றான். பழையது கைக்கு வந்தவுடன் அதனைச் சீர்செய்யும் கடமையும் உடன் வருகின்றது. எனவே, புதுக்கும் வேலையே பெரும்பாலார்க்குக் கொல்லுத் தொழிலின் முதற் பாடமாக அமைகின்றது.

பட்டடையை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்திலே டட்லி நகரிற் செய்யப்பட்ட பீற்றர் றைற் பட்டடைகளும், ஷெபீல்ட் நகரத்து மவுஸ்ஹோல் உலையிற் செய்யப்பட்டவையும் புகழ்பெற்றவை. இவற்றின் விலாவிலே மூன்று எண்கள் இடைவெளிவிட்டுப் பொறிக்கப்பட்டிருக்கும். அறியாதார் அதனை ஆண்டெனவோ தொடரெண் எனவோ கொள்வர். உண்மையில் அது நிறையைக் குறிப்பது. முதலெண் அந்தர், இரண்டாவது கால் அந்தர், மூன்றாவது இறாத்தல். அந்தர் ஒன்றுக்கு 112 இறாத்தலும், கால் அந்தருக்கு 28 இறாத்தலுமாகக் கணக்கிடின், ‘1 2 10’ எனப் பொறித்த பட்டடை 112, 56, 10 ஆகியவை கூடிய 178 இறாத்தல் நிறையுடையது. இரண்டாமெண் மூன்றுக்கு மேற்படாது. மூன்றாமெண் இருபத்தேழுக்கு மேற்படாது. பழைய அந்தர்க் கணக்கை அறிந்த இலங்கையர்க்கு இது புரிதற்கு எளிது. துருவின் கீழ் மறைந்திருக்கும் இவ்வெழுத்துக்களே அக்கருவியின் பிறப்புச் சான்று. அரைசில்லைக் கொண்டு விலாவைப் பளபளப்பாக்குபவன் அச்சான்றைத் தன் கையாலேயே கிழித்தவனாகின்றான்.

இதனினும் பெரிய கேடு பட்டடையின் முகத்திலே நிகழ்வது. அப்பழைய ஆங்கிலப் பட்டடைகளின் உடல் தேனிரும்பினாலானது. அது மென்மையும் நெகிழ்ச்சியும் உடையது. அடிபடும் முகமோ ஏறத்தாழ அரை அங்குலத் தடிப்புள்ள உருக்குத் தகடு. உடலையும் தகட்டையும் வெண்சூட்டிலே அடித்து ஒன்றாக்கி, பின்னர் முகத்தை நீரினால் விரைந்து குளிரச்செய்து கடினமாக்கினர். மென்மையான உடல் அதிர்வைத் தாங்க, கடினமான முகம் அடியைத் திருப்பிக் கொடுக்கும். நூறாண்டு உழைத்த பட்டடையின் முகம் நடுவிலே சிறிது தாழ்ந்தும், விளிம்புகள் ஆங்காங்கே சிதைந்தும் இருத்தல் இயல்பு. அதனைக் கண்ட புதியவன், இயந்திரத்திலே ஏற்றி முகத்தைச் சமமாகச் சீவிவிடுகின்றான். முகம் கண்ணாடிபோல் மின்னுகின்றது. ஆனால் அரை அங்குல உருக்கிலே பாதி போய்விட்டது. சில வேளை கடினமான பகுதி முழுவதும் நீங்கி, மென்மையான இரும்பே வெளிப்பட்டுவிடும். அழகுபெற்ற பட்டடை அன்றோடு பட்டடையாதல் ஒழிந்தது.

அனுபவமுள்ள கொல்லன் இவ்வாறு செய்யான். நடுவிலுள்ள சிறு தாழ்வு வளைந்த கம்பியை நேராக்குதற்கு உதவும் என்பதை அவன் அறிவான். நேரான தளத்தில் அடிக்கப்படும் கம்பி நேராகுமேயன்றி நேர்க்கோட்டுக்கு அப்பாற் செல்லாது. தாழ்வுள்ள இடத்திலோ அது சிறிது மறுபுறம் வளைந்து மீளும். கூரிய விளிம்பு சூடான இரும்பிலே வெட்டுத் தழும்பை உண்டாக்கும். ஆதலின் விளிம்பிற் சில பகுதிகள் மழுங்கியிருத்தலே நன்று. குறையெனத் தோன்றுவது பயனாதல் இவ்வாறு.

பட்டடையின் உயிர் எஞ்சியுள்ளதா என அறிதற்கு எளிய சோதனையொன்று உண்டு. சிறிய உருக்குக் குண்டொன்றைப் பத்து அங்குல உயரத்திலிருந்து முகத்தின்மேல் விடவேண்டும். அது ஏழு முதல் ஒன்பது அங்குலம்வரை மீண்டெழுந்தால் முகம் நன்னிலையில் உள்ளது. தீப்பற்றிய கட்டடத்தினுள் அகப்பட்ட பட்டடையில் குண்டு சோர்ந்து எழும். ஏனெனில் நெருப்பு அதன் கடினத்தைப் போக்கிவிட்டது. ஒலியைக் கொண்டு சோதிப்பாரும் உளர். மணிபோல் ஒலிப்பது நல்ல பட்டடை என்பர். ஆனால் அமெரிக்காவிலே கழுகுச் சின்னத்துடன் வெளிவந்த பிஷர் பட்டடை வார்ப்பிரும்பு உடலின்மேல் உருக்கு முகம் பொருந்தியது, அது ஒலிப்பதில்லை. ஒலியை மட்டும் நம்புபவன் சிறந்த கருவியொன்றைத் தள்ளிவிடுவான். எனவே கருவி எவ்வாறு ஆக்கப்பட்டது என்னும் அறிவின்றி, அதன் குறைநிறைகளை மதிப்பிடுதல் இயலாது.

அடுத்து நோக்கத்தக்கது கால்வைஸ் எனப்படும் பழைய பிடிகருவி. இக்காலத்து மேசை வைசிலிருந்து இது வேறுபட்டது. இதன் ஒரு கால் தரைவரை நீண்டு நிற்கும். சூடான இரும்பைப் பிடித்துச் சம்மட்டியால் ஓங்கி அடிக்கும்போது அவ்வடியின் விசை காலின்வழியே நிலத்திற் சென்று அடங்கும். வார்ப்பிரும்பினாலான மேசை வைஸ் அத்தகைய அடியிற் பிளந்துவிடக்கூடும். கால்வைசின் தாடைகளைத் திறப்பது ஒரு வில். மூடுவது ஒரு திருகாணி. திருகாணி செல்லும் குழலின் உட்புரியே இக்கருவியின் உயிர்நிலை. மிகப் பழைய குழல்களிலே உட்புரி வெட்டப்படவில்லை. இரும்புப் பட்டியொன்றைச் சுருளாக்கி உள்ளே வைத்துப் பித்தளையால் ஒட்டினர். குழலைக் கடுந்தீயிலிட்டு இறுகிய திருகாணியைக் கழற்ற முயல்வானாயின் பித்தளை உருகிப் புரி முழுவதும் கழன்றுவிடும். மண்ணெண்ணெயிற் சில நாள் ஊறவைத்துப் பொறுமையோடு அசைப்பதே தக்கது.

துருநீக்கும் முறைகளிலும் இவ்வாறே நிதானம் வேண்டும். துரு என்பது இரும்பு, ஒட்சிசன், நீர் ஆகியவற்றின் சேர்க்கை. அது இரும்பினும் மிகுந்த இடத்தைக் கொள்வதால் பொருந்திய உறுப்புக்களை இறுகச்செய்கின்றது. மேலோட்டமான துருவுக்குக் கம்பித் தூரிகையும் எண்ணெயும் போதும். சிறு கருவிகளை வினாகிரியில் ஓரிரவு ஊறவைக்கலாம். நெடிது வைப்பின் அமிலம் நல்ல இரும்பையும் அரிக்கும். எடுத்தபின் நன்கு கழுவி உலர்த்தி எண்ணெயிடல் வேண்டும். மின்பகுப்பு முறையும் பயன்தருவது. சலவைச் சோடா கரைத்த நீரிலே கருவியை எதிர்முனையாகவும் வேண்டாத இரும்புத் தகடொன்றை நேர்முனையாகவும் தொங்கவிட்டு, மோட்டார் பற்றறிக்கு மின்னேற்றும் சாதனத்தினால் தாழ்ந்த அழுத்த மின்னோட்டத்தைச் செலுத்துவர். துரு தளர்ந்து கழலும். நல்ல இரும்பு பெரும்பாலும் கரையாது. கருவியிலிருந்து ஐதரசன் வாயு எழுதலின் இதனைத் திறந்த வெளியிலே, நெருப்புக்கு அப்பால் செய்தல் வேண்டும். நேர்முனைக்குத் துருவேறா உருக்கைப் பயன்படுத்துதல் ஆகாது; அதிலுள்ள குரோமியம் கரைந்து நச்சுச் சேர்வைகளாக மாறும். அன்றியும், பழைய கருவிகளின்மேல் ஈயம் கலந்த வண்ணம் பூசப்பட்டிருக்கலாம். அதனை உலர்வாக அராவித் தூசியைச் சுவாசித்தல் கேடு பயக்கும்.

கருவிகள் சீர்பெற்றபின் அவற்றை எடுத்தாளும் ஆவல் எழுவது இயல்பு. கொல்லுத் தொழிலின் அடிப்படைச் செயல்கள் சிலவே. இரும்பை நீட்டுதல், குறுக்கித் தடிப்பாக்குதல், வளைத்தல், முறுக்குதல், துளையிடுதல், வெட்டுதல், சூட்டிலே ஒன்றோடொன்று ஒட்டுதல் என்பன அவை. கதவும் கலப்பையும் வாளும் இவற்றின் சேர்க்கையால் ஆனவையே. பயில்பவன் முதலிற் செய்வது பெரும்பாலும் ஒரு கொக்கி. சிவந்த கம்பியின் நுனியைக் கூராக்கி, பட்டடையின் கொம்பிலே வைத்து வளைத்தால் கொக்கி உருவாகிவிடும். ஆயினும் அச்சிறு வேலையே அவனுக்குப் பலவற்றைக் கற்பிக்கின்றது. சூடு தணிந்தபின் அடிக்கும் ஒவ்வோர் அடியும் வீண். அளவுக்கு மிஞ்சிச் சூடேறினால் உருக்கு பொறிகக்கி எரிந்துபோகும். வட்டக்கம்பியை நேரே கூராக்காது முதலிற் சதுரமாக்கிப் பின்னரே கூராக்க வேண்டும். இவற்றை நூலில் வாசித்தவனும் இரண்டு மூன்று கம்பிகளைக் கெடுத்த பின்னரே உண்மையில் அறிகின்றான்.

உருக்கைப் பதப்படுத்துதலே இத்தொழிலின் நுட்பமான பகுதி. கொல்லன் நிறத்தைக் கொண்டு வெப்பத்தை அறிவான். புதியவனுக்குக் காந்தம் துணைசெய்யும். ஏறத்தாழச் சதமபாகை 770 இல் இரும்பு காந்தத்தாற் கவரப்படும் இயல்பை இழக்கின்றது. காபன் மிகுந்த உருக்கை அந்நிலைக்குச் சற்று மேலே சூடாக்கி எண்ணெயிலோ நீரிலோ தோய்த்தால் அது மிகக் கடினமாகும். ஆனால் கண்ணாடிபோல் நொறுங்கும் தன்மையும் பெறும். ஆதலின் அதன் மேற்பரப்பை மினுக்கி, மறுபடி மெல்லச் சூடேற்றுவர். அப்போது நிறங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடிவரும். சதமபாகை 220 அளவில் வெளிறிய வைக்கோல் நிறமும், 255 அளவிற் கபிலமும், 275 அளவில் ஊதாவும், 300 அளவில் நீலமும் தோன்றும். சவரக் கத்திக்கு வைக்கோல் நிறம், இரும்பு வெட்டும் உளிக்கு ஊதா, வில்லுக்கு நீலம். வேண்டிய நிறம் வந்த கணத்திலே தோய்த்து நிறுத்துதல் வேண்டும்.

இதனைக் கற்றவனுக்கே முன்னர்க் கூறிய எச்சரிக்கைகளின் காரணம் தெளிவாகும். துருநீக்கும் எண்ணத்தோடு பழைய உளியை நெருப்பிலிடுதலும், வளைவு நிமிர்த்தப் பட்டடையின் முகத்தைச் சூடாக்குதலும், அரைசில்லிலே நீலநிறம் ஓடும்வரை கூர்வாயைத் தேய்த்தலும் ஏன் பிழை என்பதை நிறமே உணர்த்திவிடுகின்றது. ஆகவே, புதுக்கும் வேலை கொல்லுத் தொழிலுக்கு வாயிலாவதுபோல, கொல்லுத் தொழிலறிவு புதுக்கும் வேலைக்குக் காவலாகின்றது.

தீங்குகளையும் மறத்தலாகாது. கண்ணைக் காக்கும் கண்ணாடி அணியாது சுத்தியலைத் தொடுதல் கூடாது. கல்வனைஸ் செய்த இரும்பை உலையிலிடவே கூடாது. அதன் பூச்சிலுள்ள துத்தநாகம் சதமபாகை 907 இற் கொதித்து வெண்புகையாக எழும். அப்புகை காய்ச்சலை விளைக்கும். மிகுதியாயின் உயிருக்கும் இடர் செய்யும். பிளந்து விரிந்த தலையுடைய உளியை அராவிச் சீராக்கிய பின்னரே அடித்தல் வேண்டும்; இன்றேல் அதன் ஓரம் தெறித்துக் கண்ணிற் பாயலாம்.

இவ்வளவு இடர்ப்பட்டுப் பழைய தொழிலொன்றைக் கற்பதனால் வரும் பயன் யாது எனச் சிலர் வினவலாம். விடை இத்தீவிலேயே உண்டு. பலாங்கொடைக்கு அண்மையிலுள்ள சமனலவெவ பிரதேசத்திலே நீர்த்தேக்கம் அமைக்கப்பட்ட காலத்தில், மேற்கு நோக்கிய மலைச்சரிவுகளிலே பண்டை இரும்புலைகள் பல கண்டறியப்பட்டன. அவற்றுட் பல கி.பி. ஏழாம் நூற்றாண்டுக்கும் பதினோராம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டவை. துருத்தியின்றி, தென்மேற்குப் பருவக்காற்றின் விசையாலேயே அவை இயங்கின எனக் கில் ஜூலெவ் என்னும் ஆய்வாளர் கருதினார். எழுதிய ஏடு எதுவும் அம்முறையை விளக்கவில்லை. ஆகவே 1994 இல் அவ்வுலையை மீண்டும் கட்டி, காற்று வீசும் பருவத்திலே தாதுவையும் கரியையும் இட்டு எரித்துப் பார்த்தனர். காற்று முன்சுவரின் விளிம்பைக் கடந்து செல்லும்போது ஏற்படும் அழுத்த வேறுபாடு குழல்களின்வழியே காற்றை உள்ளிழுத்தது. காபன் மிகுந்த உருக்கும் கிடைத்தது. 1996 இல் ‘நேச்சர்’ என்னும் அறிவியல் இதழிலே இவ்வாய்வு வெளிவந்தது. பல நூற்றாண்டு மறைந்திருந்த அறிவொன்று கையாற் செய்து பார்த்தமையாலே மீண்டது.

இதற்கு நெடுநாள் முன்னரே, கொழும்பிலே 1877 இற் பிறந்து இலங்கைக் கனிப்பொருள் அளவையின் முதற் பணிப்பாளராய் விளங்கிய கலாயோகி ஆனந்த குமாரசுவாமி, இத்தீவின் இரும்புருக்கும் முறைகள் அருகிவந்த காலத்தில் அவற்றைக் கண்டு எழுதிவைத்தார். இடைக்காலச் சிங்களக் கலை பற்றி அவர் 1908 இல் வெளியிட்ட பெருநூலில் அக்குறிப்புக்கள் உள. அந்நூல் இங்கிலாந்தின் புரோட் காம்டன் என்னும் சிற்றூரிலே, வில்லியம் மொறிஸ் முன்னர்ப் பயன்படுத்திய கையச்சுப் பொறியில் அச்சிடப்பட்டது. அழியும் தொழிலைப் பற்றிய நூலை, அழியும் தொழில்முறையாலேயே அச்சிட்டமை அவர் உள்ளத்தைக் காட்டும். எனினும் அவர் கண்டெழுதியது துருத்தி கொண்டு ஊதும் முறையையே. காற்றுலையின் வழக்கு அவர் காலத்துக்கு முன்னரே மறைந்துபோனமையின், அதனைக் கண்டெழுதுவார் எவருமிலர். எழுதப்பட்டது எஞ்சியது, எழுதப்படாததும் செய்யப்படாததும் மண்ணுட் புதைந்தது.

மேனாட்டிலும் இந்நிலையே. தேனிரும்பை வாணிக முறையில் ஆக்கும் தொழில் இங்கிலாந்திலே 1970களில் முற்றாக நின்றுவிட்டது. ஆதலின் பழைய பட்டடையில் உள்ள தேனிரும்பு இனி எளிதிற் கிடைக்கும் பொருளன்று. அறியாமையாற் கெடும் ஒவ்வொரு கருவியும் ஈடுசெய்தற்கு அரிய இழப்பாகும்.

ஆகவே, பாட்டன் காலத்துப் பட்டடையோ வைசோ குறடோ ஒருவர் கைக்கு வருமாயின், அவர் முதலில் எடுக்கவேண்டியது அரைசில்லன்று, தூரிகையும் எண்ணெயுமே. துருவின் கீழுள்ள எழுத்துக்களை வாசித்துக் குறித்துக்கொள்க. கருவியின் எப்பகுதி மென்மையானது, எப்பகுதி கடினமானது என்பதை ஆராய்க. அயலிலே கம்மாலை நடத்தும் முதியவர் ஒருவர் இன்னும் இருப்பின் அவரிடம் அதனைக் கொண்டுசென்று காட்டி, அவ்வுறுப்புக்களை அவர் எப்பெயரால் அழைக்கின்றார், அத்தேய்வு எவ்வேலையால் வந்தது எனக் கேட்டு எழுதிக்கொள்க. அதன்பின்னரே எதனை நீக்குவது, எதனை விட்டுவைப்பது என முடிவுசெய்க. அம்முதியவர் இருக்கும்போதே இதனைச் செய்தல் நன்று. கருவி இன்னும் நூறாண்டு காத்திருக்கும், அவர் காத்திருக்க இயலாது.